இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

கன்னியம்மன் துணை

காவாந்தண்டலம் காலனி,
உத்திரமேரூர் தாலுக்கா.
12-2-1977

அன்புள்ள தம்பி ஐசக்குக்கு, அக்காள் சிட்டம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாய்க் காற்று உன்னையும் அப்படியே வைத்திருக்கட்டும்.

நீ போட்ட பொங்கல் அட்டை, மாட்டுக்குக் கட்டிய மாலையெல்லாம் காய்ந்து உதிர்ந்த பிறகு வந்து சேர்ந்தது. வந்ததே சந்தோஷம். வருஷத்துக்கு ஒரு அட்டை போடுகிற தம்பி, நாலு வரிக்கு மேல் எழுதினால் பம்பாயில் மை தீர்ந்துவிடுமா?

அந்த நாலு வரியிலும் இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை. "நைனா அடித்த அடி உனக்கு ஞாபகம் இருக்கிறதா அக்கா, ஒரு ரெக்கார்டு விஷயமாகக் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தேவகி பக்கத்தில் இருந்தாள். "தாத்தா இன்னா எழுதிக்கிறாரு ஆயா?" என்றாள். பம்பாயில் நல்ல மழையாம் என்று சொன்னேன். "தை மாசத்துலயா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். டீச்சருக்குப் படித்த பெண்ணிடம் பொய் சொல்வதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவளைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். என் மகன் வேதாசலத்தின் பெண் தேவகி, டிரெயினிங் முடித்து சர்டிபிகேட்டு வாங்கிவிட்டாள். இந்தக் காலனியில் டீச்சர் ஆன முதல் பெண் என் பேத்தி. நான் அஞ்சாவதோடு நின்றவள். என் வயசுப் பெண்களில் பேனா பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் தலை நிமிர்த்தி நடந்தேன். இப்போது அவள் முன்னால் கொஞ்சம் குனிந்துகொள்கிறேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஓரிக்கையிலிருந்து அவளைப் பெண் கேட்கிறார்கள். பையன் சர்க்கார் ஆபீசில் கிளார்க்கு. அப்பா வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். நம் ஜனம்தான். ஆனால் வெள்ளை வேட்டியில் ஒரு புள்ளி பட விடமாட்டார். வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்க வூட்ல மோளம் யாராவது எடுக்கறாங்களா?" என்று கேட்டார். எங்கள் நைனா கீழே வைத்தது வைத்ததுதான், அதற்குப் பிறகு ஒருத்தர் தொட்டதில்லை என்று சொன்னேன். அப்புறம்தான் அவருக்குச் சோறு இறங்கியது.

இப்படி இருக்கிற நேரத்தில் நீ மேளத்தைப் பற்றிக் கேட்கிறாய். என்ன ரெக்கார்டு, யாருக்கு, எதற்கு என்று விவரமாக எழுது.

உன் அக்காள்,
சிட்டம்மாள்


இயேசுவே துணை

பம்பாய்,
3-3-1977

பிரியமுள்ள அக்காவுக்கு ஐசக் எழுதுவது.

தேவகி டீச்சர் ஆனதைப் படித்து, ஓட்டலில் என்னோடு வாசிக்கிற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு என் ஆசீர்வாதம். என் தமிழ் துருப்பிடித்துக் கிடக்கிறது. தப்பிருந்தால் அவளைத் திருத்தச் சொல்.

விவரம் இதுதான். ராத்திரி ஓட்டலில் வருகிறவர்கள் கேட்பதை வாசிப்பது என் பிழைப்பு. அது வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் நானே கட்டிய மெட்டுகளை மட்டும் சேர்த்து ஒரு இசைத்தட்டு போட்டேன். நான் பியானோ. கூட ஒரு டிரம்பெட், ஒரு டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்கிற பெரிய பிடில் ஒன்று. இந்தச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பெயர். மெட்டை எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை ஒழுங்காகச் சொல்வோம். பிறகு ஒவ்வொருவரும் அவரவர் மனசு போன வழியில் அதை இழுத்துக்கொண்டு போவோம். கடைசியில் மெட்டுக்கே திரும்பி வருவோம். பாடுகிறவர் கிடையாது, வார்த்தை கிடையாது. தட்டுக்கு "தண்ணீர் இல்லாத ஆறு" என்று இங்கிலீஷில் பேர் வைத்தேன்.

இங்கே அதை யாரும் வாங்கவில்லை. நான் பிரமாதமாக எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் யாரோ ஒரு பயணி கையோடு ஜெர்மனிக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார். இப்போது அவர்களே புதிதாக அச்சடித்து வெளிநாடு முழுக்க அனுப்பப் போகிறார்கள். இந்த வயதில் இது வரும் என்று நான் நினைக்கவில்லை அக்கா.

மொத்தம் ஏழு பாட்டு. இரண்டாம் பக்கத்தில் கடைசியாக இருப்பதைத்தான் அவர்கள் எல்லாவற்றிலும் உயர்வாகச் சொல்கிறார்கள். அதில் என் இடது கை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே அடியை வாசிக்கிறது. மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி இறங்குகிறது. அந்த அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். என் தகப்பனார் காவாந்தண்டலத்தில் பறை அடித்தவர், இது அவருடைய சாவு அடி என்று எழுதினேன். அதையும் நைனாவின் பேரையும் தட்டைப் போட்டு வைக்கிற அட்டையின் பின்பக்கம் அச்சடிக்கலாமா என்று கேட்கிறார்கள்.

நைனாவுக்கு நாம் இரண்டு பேர்தான் மிச்சம். நீ சரி என்றால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். தட்டை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்.

உன் தம்பி,
ஐசக்


கன்னியம்மன் துணை

காவாந்தண்டலம் காலனி,
10-4-1977

தம்பி ஐசக்குக்கு அக்காள் எழுதிக்கொண்டது.

தட்டு உடையாமல் வந்தது. அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நெற்றி அப்படியே நைனா. தேவகி அதைத் துணியால் துடைத்து சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜாஸ் என்று நீ எழுதினதைப் பார்த்து, ஜாஸ்தி என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போச்சா என்று கேட்டாள். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுத்துவிட்டுக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வருவது எங்கள் பஞ்சாயத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று நானும் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆற்றில் போன ஐப்பசிக்குக் கரை தொட்டுத் தண்ணீர் போனது என்பதையும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

பிறகு கேட்கப் போனேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிற முனிரத்தினத்தை உனக்குத் தெரியாது. கலியாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட்டு அவன்தான். என் தம்பி வாசித்த தட்டு என்று நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அது என் தப்பில்லை, பெருமை. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னேன்.

போட்டான். கிலுகிலுப்பையை ஆட்டின மாதிரி, தகரத்தில் கல்லைக் கொட்டின மாதிரி ஒரு சத்தம் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. டீக்கடைக்காரர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருத்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தான். சாராயத்தைப் போட்டுக்கொண்டு பாடைக்கு முன்னால் ஆடுவார்களே, அந்த ஆட்டம். ஆடிக்கொண்டே என்னைப் பார்த்து, "யாரு வூட்டு சாவு ஆயா இது? சோக்கா கீது" என்றான்.

நான் ஒரு வெற்றிலை மடிக்கிறதுக்குள் பாட்டு முடிந்துவிட்டது. தட்டை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஐசக்கு, உனக்கு அப்போது ஆறு வயசு. உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் பெரிய நிலக்காரர் வீட்டில் சாவு. நைனாவைக் கூப்பிட ஆள் வந்தது. அதற்கு முந்தின மாசம்தான் நம் அம்மாவின் அம்மா செத்துப்போய், ஊர் வழியாக அவளைத் தூக்கிக்கொண்டு போகவிடாமல் வயல் சேற்றில் இறங்கிக் கொண்டுபோக வைத்தார்கள். எங்கள் பிணத்துக்கு உங்கள் தெரு இல்லை, உங்கள் பிணத்துக்கு என் மேளமும் இல்லை என்று நைனா சொல்லிவிட்டார். அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்கு அவருக்கு அடி விழுந்தது. புளிய விளாரால். திரும்பி வந்து மேளத்தின் தோலைக் கத்தியால் கிழித்தார். மர வளையத்தை அம்மா கூழ்ப் பானைக்குப் பிரிமணையாக வைத்துக்கொண்டாள். "இனிமே இந்த வூட்ல அடி இல்ல" என்று நைனா சொன்ன சொல் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நமக்கு இந்த ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. நானும் அம்மாவும் ஆற்றுக்கு அக்கரையில் நடவுக்குப் போனோம். உன்னை மட்டும் காப்பாற்றலாம் என்று மிஷன் போர்டிங்கில் விட்டார். அங்கேதான் துரைசாணி உனக்கு ஆர்மோனியம் சொல்லிக் கொடுத்தாள். மேளம் நின்றதால் வந்ததப்பா உன் பியானோ. அதை வைத்துக்கொண்டு நின்ற மேளத்தையே திருப்பி அடிக்கிறாயே. அதற்கு முன்னால் நாலு பேர் ஆடவும் ஆடிவிட்டார்கள். ஜெர்மனியிலும் ஆடுவார்கள். அட்டையில் நைனா பேர் இருக்கும்.

ஓரிக்கைக்காரர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக்கூட நான் இரண்டாவதாகத்தான் சொல்கிறேன்.

என் சம்மதம் கிடையாது.

சிட்டம்மாள்


இயேசுவே துணை

பம்பாய்,
22-4-1977

பிரியமுள்ள அக்காவுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. மறுநாளே ஜெர்மனிக்குத் தந்தி கொடுத்தேன். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு மீதி ஆறையும் போடச் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். எனக்கு உன் சொல் பெரிது. இனி அதைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.

பாட்டியைச் சேற்றில் கொண்டுபோனது எனக்குத் தெரியாது. நைனா அடி வாங்கியதும் தெரியாது. முதுகில் தழும்பு பார்த்திருக்கிறேன். மாடு முட்டியது என்று சொல்லியிருந்தார்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். அந்தப் பாட்டுக்கு யாராலும் ஆட முடியாது. அவ்வளவு மெதுவானது. பெரிய பிடில் வாசிக்கிறவர், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு பீடி குடித்து முடிக்கலாம் என்று என்னைக் கேலி செய்வார். வெற்றிலை மடிப்பதற்குள் முடிந்தது என்கிறாய். நீ வெற்றிலையை மடித்து, மென்று, துப்பி, வாய் கொப்பளித்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தட்டு சுற்றுகிற பெட்டியில் வேகத்தை மாற்ற, நம்பர் போட்ட ஒரு முள் இருக்கும். பழைய காலத்துத் தட்டுக்கு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று. என்னுடையது முப்பத்துமூன்றில் சுற்ற வேண்டியது. முனிரத்தினம் எதில் வைத்தார் என்று கேள்.

உன் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. நைனாவின் அடி அந்த ஆட்டமாகவே உன் காதில் நின்றுவிட வேண்டாம் என்றுதான்.

உன் தம்பி,
ஐசக்


கன்னியம்மன் துணை

காவாந்தண்டலம் காலனி,
18-9-1977

அன்புள்ள தம்பி ஐசக்குக்கு அக்காள் சிட்டம்மாள் எழுதிக்கொண்டது.

நீ சித்திரையில் எழுதின கடிதத்துக்கு இப்போது பதில் போடுகிறேன். கோபம் இறங்க எனக்கு நாளாகும். அது உனக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் தேவகி கலியாணம் நல்லபடியாக முடிந்தது. உனக்கு அச்சடித்த பத்திரிகையை மட்டும் அனுப்பினேன், கையால் ஒரு வரி சேர்க்கவில்லை. நீயும் வரவில்லை. நீ அனுப்பின மாம்பழக் கலர்ப் புடவையைத்தான் அவள் மறுவீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனாள். பம்பாய்த் தாத்தா எடுத்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

கலியாணத்துக்கு மைக் செட்டு முனிரத்தினம்தான். எல்லோரும் போன பிறகு மத்தியானம் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் நானும் வாடின வாழைமரமும்தான். மனசு ஒரு மாதிரி இருந்தது. தட்டை எடுத்து வந்து, அன்றைக்கு இதை எந்த முள்ளில் வைத்தாய் என்று கேட்டேன். அவன் யோசித்தான். அன்றைக்குக் காலையில் யாரோ பழைய நாயனத் தட்டைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். முள் அந்த எழுபத்தெட்டிலேயே நின்றிருக்கிறது. "பாடற வாய் இருந்தா எலி கத்தற மாதிரி இருக்கும், உடனே புடிச்சிருப்பேன். இதுல வாயே இல்லியே ஆயா. வெள்ளக்காரன் பாட்டு இப்டித்தான் பேஜாரா இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றான்.

ஆக அன்றைக்கு நான் எழுதினதில் என் பேரில் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் எழுதினேன்.

இப்போது முப்பத்துமூன்றில் வைத்தான்.

முதலில் ஒன்றுமே வரவில்லை. தட்டு கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். பிறகு கீழேயிருந்து, ரொம்பக் கீழேயிருந்து, இரண்டு சேர்ந்த மாதிரி வந்தது. நின்றது. பிறகு ஒன்று. மறுபடி நின்றது. நான் எதுவும் நினைப்பதற்குள் என் கை தொடையில் எழும்பி எழும்பி விழ ஆரம்பித்துவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று கைக்கு முன்னாலேயே தெரிகிறது. அதன் மேல் உன் டிரம்பெட்டுக்காரர் தூரத்து வயலில் ஆள் கூப்பிடுகிற மாதிரி ஊதினார். நீ ஏதேதோ வாசித்தாய். அதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. அடியில் போய்க்கொண்டிருந்தது மட்டும் விளங்கியது. முனிரத்தினம் சுருட்டின ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஐசக்கு, நீ தப்பாக எழுதிவிட்டாய். அது சாவு அடி இல்லை.

சாவு அடி எனக்குத் தெரியும். நான் பெரியவளாகிற வரைக்கும் கேட்டிருக்கிறேன். அது ஊரைக் கூட்டுகிற அடி. காதில் விழுந்தால் கால் தானாக வாசலுக்குப் போகும். நீ வாசித்தது வெளியே போகச் சொல்லவில்லை. படுக்கச் சொன்னது.

மேளத்தைக் கிழித்த பிறகு நம் வீட்டில் கூழ் இல்லாத நாள் நிறைய. அக்கரையில் நடவு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நானும் அம்மாவும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். நீ சின்னப் பிள்ளை, பசி உன்னைத் தூங்கவிடாது. நைனா உன்னைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவார். இரண்டு சேர்த்து, ஒரு நிறுத்தம், பிறகு ஒன்று. ஊருக்கு அவர் அப்படி அடித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. மேளத்தில் அப்படி ஒரு அடியே கிடையாது. உன் முதுகுக்காக அவரே கட்டிக்கொண்டது. நீ தூங்கின பிறகும் தட்டிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்த மிச்சத்தில் தூங்கிவிடுவேன்.

அதை நீ தூக்கத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். எதற்கு என்று தெரியாமல், மேளக்காரர் மகன் என்பதால் சாவுக்கு என்று நினைத்துக்கொண்டாய். உனக்குத் தமிழ் துருப்பிடித்தது நிஜம்தான். அதற்குப் பேர் அடி இல்லையடா. தட்டு. நைனா உன்னைத் தட்டினார்.

அதனால் இப்போது என் சம்மதத்தைத் தருகிறேன். அட்டையில் இப்படிப் போடச் சொல்: "இது சாவுக்கு அடித்தது அல்ல. எங்கள் தகப்பனார் ஊருக்கு மேளம் அடிக்க மாட்டேன் என்று விட்ட பிறகு, தன் மகனைத் தூங்கவைக்கத் தட்டியது. சொன்னவள் அக்காள் சிட்டம்மாள்." ஒரு எழுத்தும் குறையக் கூடாது. நைனா பேரைப் பெரிதாகப் போடலாம். ஓரிக்கைக்காரரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

உடனே பதில் போடு.

உன் அக்காள்,
சிட்டம்மாள்


இயேசுவே துணை

பம்பாய்,
6-8-1978

பிரியமுள்ள அக்காவுக்கு ஐசக் எழுதுவது.

உன் கடிதத்துக்கு இத்தனை மாசம் பதில் போடாததற்கு என்னை மன்னித்துவிடு. பிறகு நீ போட்ட கடிதங்களும் வந்தன. எல்லாம் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. புரட்டாசியில், உன் சம்மதக் கடிதம் வந்த மூன்றாம் நாளே, எனக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தேன். பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுத்துப் பேசுகிறேன். கால் பரவாயில்லை, கோலை ஊன்றி நடக்கிறேன். இடது கை வரவில்லை. முன்னமே எழுதினால் நீ அழுவாய் என்று எழுதவில்லை.

நீ சம்மதம் எழுதின கடிதம் வந்தபோது ஜெர்மனியில் அச்சடித்து முடித்துவிட்டார்கள். ஆறு பாட்டோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நீ சொல்லிக் கொடுத்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து இங்கிலீஷில் ஆக்கி அனுப்பித்தான் பார்த்தேன். அழகான வாசகம், காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது.

தட்டு அங்கே நன்றாகப் பேசப்படுகிறதாம். பல காலம் நிற்கப்போகிற தட்டு என்று பேப்பரில் எழுதினார்களாம். யார் யாரோ கடிதம் போடுகிறார்கள். இரண்டாம் பக்கம் மட்டும் சட்டென்று முடிந்துபோகிறதே, ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

உன் பேரில் எனக்கு மனத்தாங்கல் இல்லை அக்கா. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் எடுத்துப் போட்டுவிடு. அந்தப் பாட்டு சாவு அடி என்ற பேரோடு உலகம் சுற்றியிருந்தால் அதுதான் எனக்குத் தாங்காது. உன் கடிதத்தை ஆஸ்பத்திரியிலும் வைத்துப் படித்தேன். இத்தனை வருஷமும் என் இடது கை சாவை வாசிக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைத் தூங்கவைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு ஒரு தடவை, ஒரே தடவை, அதைச் சரியான மனசோடு வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குள் கையே தூங்கிப்போய்விட்டது.

ஓட்டலில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். பியானோவையும் விற்றுவிட்டேன். டிரம்பெட் வாசிக்கிறவர் தன் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார். வந்து எங்களோடு இரு என்று நீ பிறகு போட்ட ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். ஆசைதான். ஆனால் வாசிக்க முடியாதவன் அங்கே வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? இன்னொருவர் சட்டை மாட்டிவிட வேண்டிய ஆளாக உன் வாசலில் வந்து நிற்க மனசு வரவில்லை.

தேவகிக்குப் பிரசவம் ஆனதும் எழுது.

உன் தம்பி,
ஐசக்


கன்னியம்மன் துணை

காவாந்தண்டலம் காலனி,
2-9-1978

என் கண்ணான தம்பி ஐசக்குக்கு அக்காள் எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ நினைத்தபடியேதான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தேவகிக்கு ஆடிக் கடைசியில் இங்கே ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். பிள்ளைக்கு நெற்றி எப்படி என்று நான் எழுத மாட்டேன், வந்து பார்த்துக்கொள்.

ஓரிக்கைச் சம்பந்தி பிள்ளையைப் பார்க்க வந்தார். நான் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழுந்தது, கூழ் இல்லாதது, நீ போட்ட தட்டு எல்லாவற்றையும். அவர் வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "எங்க அப்பாரு கடைசி வரைக்கும் அடிச்சாருங்க. நாங்க வெளியில சொல்றதில்ல" என்று மெல்லச் சொன்னார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது.

பாட்டை எடுத்துவிட்டார்களே என்று எனக்கு முதலில் அவர்கள் பேரில் கோபம் வந்தது. நான் வேண்டாம் என்று சொன்னதைத்தானே அவர்கள் செய்தார்கள், யாரைக் குறை சொல்ல? போகட்டும். அதை இனி யாரிடமும் கேட்காதே.

இப்போது என் கவலை வேறு. பிள்ளை பகலில் தூங்குவதில்லை. பால் குடித்தால் விழித்துக்கொள்கிறான், குடிக்காவிட்டால் கத்துகிறான். தேவகி துவண்டுபோகிறாள். நான் அவனைக் குப்புறப் போட்டு நைனா மாதிரி தட்டிப் பார்த்தேன். இரண்டு சேர்த்து, நிறுத்தம், ஒன்று. அது வரைக்கும் வருகிறது. மூன்றாவது சுற்றில் ஏதோ மாறுகிறது, நிறுத்தம் நீளுகிறதா குறைகிறதா, அங்கே என் கை தடுமாறுகிறது. தடுமாறின உடனே அவன் முகத்தைச் சுளித்துக் கத்துகிறான். பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது. முனிரத்தினத்தை வரவழைத்துத் தட்டைப் போட்டும் பார்த்தேன். கேட்கிற வரைக்கும் புரிகிற மாதிரி இருக்கிறது, நின்றதும் போய்விடுகிறது. நான் மிச்சத்தைக் கேட்டவள்தானே. முதுகில் வாங்கினவன் நீ.

யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறாய். சட்டை மாட்டிவிட ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு முதல் சட்டையை மாட்டிவிட்டவள் நான்தான், அதில் வெட்கம் என்ன? வேதாசலம் பம்பாய்க்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறான். எந்தத் தேதிக்கு வரலாம் என்று மட்டும் எழுது. வர முடியாது என்று எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

பியானோவுக்கு இரண்டு கை வேண்டும் என்றால் நான் என்ன செய்வேன்? பிள்ளையைத் தட்ட ஒரு கை போதும்.

இப்போதும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறான். வா.

உன் அக்காள்,
சிட்டம்மாள்